டேஷ்கேமுக்கு ஃபியூஸ் பெட்டியிலிருந்து லைன்: வயரை வெட்டாமல், பேட்டரி இறங்காமல்

கேள்வி இதுதான்: "பெட்ரோல் ஸ்விஃப்ட், வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. டேஷ்கேமைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி ஓட்டுகிறேன். சாவியை எடுத்ததும் கேமரா அணைந்துவிடுகிறது. போன மாதம் தெருவில் நிறுத்தியிருந்தபோது யாரோ முன் பம்பரை இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பதிவும் இல்லை. வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடு வேண்டும். ஆக்சசரீஸ் கடையில் கேட்டால் ஸ்டீரியோ வயரில் ஜாயின்ட் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். ஃபியூஸ் பெட்டியிலிருந்து நானே லைன் எடுக்கலாமா? எந்த ஃபியூஸ்? பேட்டரி இறங்கிவிடுமா? வாரண்டி என்ன ஆகும்?"

தாராளமாக எடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். என் கார், தம்பியின் கார், அக்கம்பக்கத்து வீட்டுக் கார்கள் என்று பத்துப் பன்னிரண்டு வண்டிகளில் இதைச் செய்திருக்கிறேன். ஒன்றில்கூடக் கம்பெனி வயரை வெட்டியதில்லை. உங்களுக்கும் முதலில் சொல்ல விரும்புவது அதைத்தான். ஸ்டீரியோ வயரில் ஜாயின்ட் வேண்டாம்.

அந்த ஜாயின்ட் எப்படிப் போடுவார்கள் என்று நின்று பார்த்திருக்கிறேன். ஓடுகிற வயரின் தோலைப் பிளேடால் சீவி, கேமரா வயரை அதன்மேல் முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுவார்கள். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் அந்த டேப்பின் பசை ஒரே கோடையில் இளகி, சுற்று தளர்ந்துவிடும். ஸ்டீரியோவுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் இரும்புத் தகடு. செம்பு அதில் உரசினால் ஸ்டீரியோ ஃபியூஸ் போவதுதான் குறைந்தபட்சச் சேதம். வாரண்டி காலத்தில் மின்சாரக் கோளாறு என்று வண்டியைக் கொண்டுபோனால், சர்வீஸ் சென்டரில் முதலில் கண்ணில் படுவதும் அந்தக் கறுப்பு டேப்தான். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஃபியூஸ் பெட்டியில் செருகும் முறையில் அந்தத் தொல்லை இல்லை. பிடுங்கி எடுத்து, பழைய ஃபியூஸைப் பழைய இடத்தில் வைத்தால் கார் ஷோரூமிலிருந்து வந்தபடி இருக்கும். எதுவும் வெட்டப்படவில்லை என்றால் வாரண்டியை மறுத்துப் பேச அவர்களுக்குக் காரணமும் குறைவு.

நீங்கள் வாங்க வேண்டியது ஹார்ட்வயர் கிட். பெரும்பாலும் கேமரா கம்பெனியே தனியாக விற்கும், அதையே வாங்குங்கள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு பக்கம் கேமராவுக்குப் போகும் யூஎஸ்பி வயர், மறுபக்கம் மூன்று வயர்கள். காரின் 12 வோல்ட்டைக் கேமராவுக்கு வேண்டிய 5 வோல்ட்டாகக் குறைப்பது பெட்டியின் முதல் வேலை. இரண்டாவது வேலைதான் முக்கியம்: பேட்டரி வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் கேமராவை அணைத்துவிடும். அதை லோ வோல்டேஜ் கட்-ஆஃப் என்பார்கள். கட்-ஆஃப் இல்லாத மலிவான மாற்றியை வாங்கிவிடாதீர்கள்.

மூன்று வயர்களில் மஞ்சள், எப்போதும் மின்சாரம் இருக்கும் நிரந்தர லைனுக்கு; சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் சாவி லைனுக்கு; கறுப்பு எர்த்துக்கு, அதாவது காரின் இரும்பு உடலுக்கு. இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். சிவப்பு என்றால் நேரடி பேட்டரி என்று கை பழகியிருக்கும். ஆனால் கார் ஸ்டீரியோ மாட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும், அங்கேயும் மஞ்சள்தான் மெமரி லைன், சிவப்பு சாவி லைன். கேமரா கிட்டுகளில் பெரும்பாலானவை அந்த வழக்கத்தையே பின்பற்றுகின்றன. பெரும்பாலானவை, எல்லாம் அல்ல. வயரில் ஒட்டியிருக்கும் சீட்டில் பேட்டரி (நிரந்தர லைன்), ஏசிசி (சாவி லைன்), கிரவுண்ட் (எர்த்) என்று எழுதியிருக்கும். நிறத்தை நம்பாமல் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவதாக ஒரு வயர் எதற்கு என்று கேட்கலாம். கேமரா ஓடுவதற்கான மின்சாரம் எப்போதும் மஞ்சளில்தான் வருகிறது. சிவப்பு வெறும் சேதி சொல்லும் வயர். அதில் 12 வோல்ட் இருந்தால் "வண்டி ஓடுகிறது, முழுதாகப் பதிவு செய்" என்று பொருள். அது அணைந்தால் "நிறுத்திவிட்டார்கள், பார்க்கிங் மோடுக்குப் போ" என்று பொருள். இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அடுத்து ஃபியூஸ் டேப் இரண்டு வேண்டும். ஒரு ஃபியூஸ் இருக்கும் இடத்தில் இரண்டு ஃபியூஸ் வைக்க வழி செய்யும் சிறு செருகி அது. இதை வாங்கும்போது ஃபியூஸின் அளவு தெரிந்திருக்க வேண்டும். பழைய கார்களில் நடுத்தர அளவு ஃபியூஸ். பிறகு வந்தவற்றில் மினி. அதற்கப்புறம் கால் வெளியே தெரியாத லோ ப்ரொஃபைல் மினி. இப்போது பல வண்டிகளில் ஒல்லியான மைக்ரோ-2. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வகை கலந்திருப்பதும் உண்டு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது. அழுத்தி ஏற்றினால் உள்ளே இருக்கும் கவ்வி விரிந்துபோகும். பிறகு பழைய ஃபியூஸை வைத்தாலும் இறுக்கமாக நிற்காது. அதனால் ஆன்லைனில் படம் பார்த்து வாங்காமல், நீங்கள் பயன்படுத்தப்போகும் ஃபியூஸையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். கழற்றுவதற்கான பிளாஸ்டிக் இடுக்கி பல கார்களில் ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலேயே இருக்கும்.

இவை தவிர ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கட்டாயம். சில நூறு ரூபாய் மீட்டரே போதும். டெஸ்ட் லேம்பை வைத்துக்கொண்டு ஃபியூஸ் பெட்டியைக் குத்தாதீர்கள். பல்பு இழுக்கும் மின்சாரத்தை ஏர்பேக் போன்ற சர்க்யூட்டுகள் தாங்க வேண்டிய அவசியம் இல்லை. மீட்டர் அப்படி எதையும் இழுக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: மீட்டரின் சிவப்பு முனை 10 ஆம்பியர் துளையில் செருகியிருந்தால் அது நேரடி ஷார்ட். வோல்ட் துளையில் இருக்கிறதா, குமிழ் டிசி 20 வோல்ட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த ஃபியூஸ் என்ற கேள்வி. நம் கார்களில் உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டி பொதுவாக ஓட்டுநரின் வலது முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். எஞ்சின் அறைக்குள் இன்னொன்று இருக்கும். அதன் பக்கம் போக வேண்டாம். வண்டியோடு வந்த கையேட்டில் ஃபியூஸ் அட்டவணை இருக்கிறது. முதலில் தொடக்கூடாதவற்றைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்: ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவி, பெட்ரோல் பம்ப், பவர் ஸ்டீயரிங். ஹூண்டாய், கியா வண்டிகளில் ஸ்டீயரிங் ஃபியூஸின் மேல் எம்டிபிஎஸ் என்றுதான் இருக்கும். தெரியாமல் அதில் கை வைத்துவிடாதீர்கள். 20, 30 ஆம்பியர் ஃபியூஸ்களும் வேண்டாம். மஞ்சள் நிற ஃபியூஸ் 20, பச்சை 30. சிவப்பு 10, நீலம் 15. நமக்கு இந்த இரண்டும் போதும்.

சாவி லைனுக்குப் பெரும்பாலும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸே பொருத்தம். சாவியை எடுத்ததும் கேமரா அணைகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்கள் சாக்கெட் சாவிக்குக் கட்டுப்பட்டது என்பது தெளிவு. அந்தக் கேள்வி அங்கேயே தீர்ந்தது. நிரந்தர லைனுக்குக் கதவுப் பூட்டு, ஸ்டீரியோ மெமரி, ஹசார்ட் விளக்கு, உள்விளக்கு ஆகியவற்றின் ஃபியூஸ்களைப் பார்க்கலாம். எனக்கு ஹாரன், ஹசார்ட் இரண்டிலும் கை வைக்க மனம் வராது. அவசரத்துக்கு வேண்டியவை அவை; ஃபியூஸ் டேப் சற்றுத் தளர்ந்தாலும் அந்த நேரத்தில் வேலை செய்யாது. கதவுப் பூட்டு அல்லது ஸ்டீரியோ மெமரிதான் என் தேர்வு.

ஆனால் அட்டவணையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். ஃபியூஸைக் கழற்றாமலே அளப்பதற்குத்தான் அவை. மீட்டரின் கறுப்பு முனையைக் கதவு நிலையில் இருக்கும் ஒரு போல்ட்டில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை அந்தப் புள்ளியில் தொடுங்கள். சாவி இல்லாமல் ஒரு முறை, ஏசிசி நிலையில் (சாவியின் முதல் திருப்பு) ஒரு முறை, இக்னிஷன் போட்டு ஒரு முறை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். சாவி இல்லாதபோது பூஜ்யம், ஏசிசியில் 12 என்றால் அது சிவப்பு வயருக்கு. மூன்றிலும் 12 என்றால் அது மஞ்சளுக்கு.

மஞ்சளுக்கு மட்டும் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். தம்பியின் காரில் உள்விளக்கு ஃபியூஸைச் சாவி இல்லாமல் அளந்தேன், மீட்டர் 12.4 காட்டியது. நிரந்தர லைன் என்று நம்பி மஞ்சளைக் கொடுத்துவிட்டேன். பகலில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மறுநாள் கேமராவின் மெமரி கார்டை எடுத்துப் பார்த்தால், இரவு வண்டியைப் பூட்டிய இருபதாவது நிமிடத்தோடு பதிவு நின்றிருந்தது. தினமும் அதே கதை. கேமராவைச் சந்தேகப்பட்டேன், கார்டை மாற்றினேன், கிட்டையும் கழற்றிப் பார்த்தேன். உண்மையில் வண்டிதான் தூங்கப் போயிருக்கிறது. இப்போதைய கார்களில் உள்விளக்கு போன்ற சில லைன்களைப் பூட்டிய சிறிது நேரத்தில் வண்டியின் கணினியே துண்டித்துவிடும், யாராவது விளக்கை அணைக்க மறந்தாலும் பேட்டரி போகக் கூடாதே என்பதற்காக. நான் அளந்தபோது கதவு திறந்திருந்தது, வண்டி விழித்திருந்தது. அதனால் 12.4.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வண்டியைத் தூங்க வைக்க ஒரு வழி இருக்கிறது. கதவின் ஓரத்தில் இருக்கும் கொண்டி போன்ற பூட்டுப் பகுதியை ஸ்க்ரூட்ரைவரால் மெதுவாகத் தள்ளினால் "டக்" என்று இரண்டு முறை விழும். கதவு மூடிவிட்டது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். கதவு நிலையில் ரப்பர் பட்டன் இருக்கும் மாடல் என்றால் அந்தப் பட்டனை அழுத்தி ஒட்டிவிட்டால் போதும். இப்போது சாவியால் பூட்டிவிட்டு, அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து அளந்து பாருங்கள். அப்போதும் 12 இருந்தால் அதுதான் நிஜமான நிரந்தர லைன். முடித்ததும் கதவுக் கைப்பிடியை இழுத்துக் கொண்டியை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். மறந்து சாத்தினால் கொண்டி நசுங்கிவிடும்.

ஃபியூஸ் டேப்பைச் செருகுவதில் பலரும் கவனிக்காத விஷயம், அதன் திசை. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் கேமரா ஓடும். அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் ஃபியூஸ் அமரும் இரண்டு துளைகளில் ஒன்றுதான் பேட்டரியிலிருந்து வருவது. மற்றது கருவிக்குப் போவது. ஃபியூஸ் டேப்பின் இரண்டு ஃபியூஸ்களுக்கும் பொதுவான கால், பேட்டரிப் பக்கத்துத் துளையில் இருக்க வேண்டும். அப்போதுதான் கேமராவின் மின்சாரம் அதற்கான சின்ன ஃபியூஸ் வழியாக மட்டும் போகும். திருப்பிச் செருகினால் கேமராவின் சுமையும் பழைய ஃபியூஸின் தலையில் ஏறும். அந்த ஃபியூஸ் என்றைக்காவது போனால் கேமராவும் கூடவே அணையும்.

சரிபார்ப்பது எளிது. பழைய ஃபியூஸை ஃபியூஸ் டேப்பில் வைக்காமல், கேமராவுக்கான ஃபியூஸை மட்டும் வைத்துச் செருகுங்கள். வயர் நுனியில் மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வந்தால் திசை சரி. வராவிட்டால் பிடுங்கித் திருப்பிச் செருகுங்கள். அப்புறம் பழைய ஃபியூஸை அதன் இடத்தில், கால்களை ஒட்டிய அறையில், அதே ஆம்பியரில் வைக்க வேண்டும். கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கிட்டோடு 5 கொடுத்திருந்தால் அதையும் வைக்கலாம். "கையில் 15தான் இருக்கு" என்று அதை வைக்காதீர்கள். மெல்லிய வயருக்குத் தடித்த ஃபியூஸ் வைத்தால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

வயரை ஃபியூஸ் டேப்பின் உலோகக் குழலில் நுழைத்து, கிரிம்பர் என்ற நசுக்கும் இடுக்கியால் நன்றாக நசுக்குங்கள். நசுக்கிய பிறகு கையால் இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் மறுபடி செய்யுங்கள். இதையெல்லாம் சாவி எடுத்த நிலையில்தான் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கறுப்பு வயர் பாடி எர்த்துக்கு. ஃபியூஸ் பெட்டிக்கு அருகே, தகட்டில் நேரடியாக இறங்கும் 10 எம்எம் போல்ட் ஒன்று கிடைக்கும். பெயின்ட் பூசிய போல்ட்டோ பிளாஸ்டிக்கில் இறங்குவதோ உதவாது. மீட்டரின் சிவப்பு முனையை நீங்கள் தேர்ந்தெடுத்த நிரந்தர ஃபியூஸிலும் கறுப்பு முனையை அந்தப் போல்ட்டிலும் வையுங்கள். பேட்டரியில் நேராக அளந்தால் வரும் அதே வோல்டேஜ் இங்கேயும் வந்தால் நல்ல எர்த். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே நேராகக் கொண்டுபோய்க் கட்டினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிகளில் நெகட்டிவ் முனையின்மேல் ஒரு சென்சார் இருக்கும். எவ்வளவு மின்சாரம் போகிறது, வருகிறது என்று அது கணக்கு வைக்கிறது. அதைத் தாண்டி எடுத்தால் கேமரா இழுப்பது கணக்கில் வராது.

வயரை மேலே கொண்டுபோவதில் கூரைத் துணியின் முன் ஓரம் சுலபம். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே விரலால் அழுத்தினாலே வயர் உள்ளே போய்விடும். கேமராவை உள்கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுகிறவர் பார்வைக்குக் குறுக்கே வராத இடத்தில், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் ஒட்டுங்கள். கஷ்டமான இடம் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இறங்கும் தூண். 2024 மே மாதம் வந்த ஸ்விஃப்டில் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக் இருக்கிறது. ஹூண்டாய் 2023 அக்டோபரிலிருந்து தன் எல்லா மாடல்களிலும் ஆறு கொடுக்கிறது. ஆறு என்றால் அதில் இரண்டு கர்ட்டன் ஏர்பேக். கூரை ஓரம் நெடுக அந்தத் தூண்வரை மடிந்து கிடக்கும். உங்கள் வண்டியிலும் தூண் மூடியில் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால், கேமரா வயர் ஒருபோதும் ஏர்பேக்கின் முன்பக்கமாக, அது விரியும் வழியில், போகக் கூடாது. விரியும் வேகத்தில் வயரையும் பிளாஸ்டிக் துண்டையும் முகத்தை நோக்கி வீசிவிடும். ஏர்பேக்குக்குப் பின்னால், கம்பெனி வயர் கற்றை ஏற்கனவே ஓடும் பாதையிலேயே கொண்டுபோய், அந்தக் கற்றையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தூண் மூடியைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். கழற்றும் விதம் தெரியவில்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் காசு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றிலும் நீங்களே துணிந்து இறங்கலாம் என்பேன். இதில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அடுத்து கறுப்புப் பெட்டியைக் கட்டுவது. சின்ன வேலை, ஆனால் உயிர் விஷயம். நண்பர் ஒருவர் கேமரா அடிக்கடி அணைகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். கடையில் மாட்டியது. குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தேன். பெட்டி எங்கும் கட்டப்படாமல் வயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பிரேக் பெடலுக்கு நான்கு விரல் மேலே. சுருட்டிவைத்த மிச்ச வயரும் அவிழ்ந்து வளையமாக அதனோடு ஆடியது. ஒரு நாள் அந்த வளையம் பெடலின் தண்டில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு இன்றும் கை சில்லிடும். நம் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். ஃபியூஸ் பெட்டியும் வலப்பக்கம். அதற்குக் கீழேதான் பெடல்கள். அதனால் பெட்டியையும் மிச்ச வயரையும் மேலே இருக்கும் வயர் கற்றையிலோ இரும்புச் சட்டத்திலோ இரண்டு இடத்தில் ஜிப் டை போட்டு இறுக்குங்கள். இரட்டைப் பக்கப் பசை டேப்பை மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் விட்டுவிடும். கட்டிய பிறகு பிரேக், ஆக்சிலரேட்டர், கிளட்ச் மூன்றையும் அடிவரை அழுத்தி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். வயர் வெறுமனே ஆடும் இடத்தில் துணி டேப் சுற்றினால் கடகடவென்ற சத்தமும் வராது.

பேட்டரிக்கு வருவோம். உங்கள் பயம் நியாயமானது. சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும், அதாவது ஏறக்குறைய 1 ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரக்கூடியது. எவ்வளவு என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். ஒரு கேமரா பார்க்கிங் மோடில் தொடர்ந்து பதிவு செய்தால் சுமார் 0.3 முதல் 0.4 ஆம்பியர் இழுக்கும். இரவு பத்து மணி நேரத்துக்கு 3 அல்லது 4 ஆம்பியர்-மணி. வண்டியின் சொந்தக் கருவிகள் தூக்கத்தில் இழுப்பது இதோடு பார்த்தால் மிகக் குறைவு. 35-இல் 4 என்றால் பெரிதாகத் தெரியாது. செல்ஃப் எடுப்பதில் சிக்கல் வராது.

சிக்கல் காலையில் தொடங்குகிறது. அலுவலகம் பதினைந்து நிமிடத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு 10 ஆம்பியர் கொடுத்தால்கூட அந்தக் கால் மணி நேரத்தில் உள்ளே போவது இரண்டரை ஆம்பியர்-மணி. இரவில் போனது நான்கு. பகலில் அலுவலக வாசலில் ஒன்பது மணி நேரம் மறுபடி பார்க்கிங் மோடு, இன்னொரு மூன்றரை. மாலையில் வரும் இரண்டரை எந்தப் பக்கம் போதும்? தினமும் இரண்டு மூன்று ஆம்பியர்-மணி கடன் சேரும். வார இறுதிக்குள் கட்-ஆஃப் வந்து கேமரா நள்ளிரவிலேயே அணையத் தொடங்கும். அதைவிட மோசம், பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே கிடப்பதால் அதன் ஆயுள் குறையும். லெட்-ஆசிட் பேட்டரி பாதி சார்ஜில் கிடப்பதை விரும்பாது; தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். "கிட் மாட்டியதால் பேட்டரி போச்சு" என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கிறது.

அதனால் கட்-ஆஃபை எங்கே வைப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். நிறுத்தி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.8 என்றால் காலி என்றே சொல்லலாம். கிட்டுகளில் 11.6, 11.8, 12.0, 12.2, 12.4 என்று பல நிலைகள் கொடுத்திருப்பார்கள். அதிக நேரம் ஓடுமே என்று 11.8 வைக்காதீர்கள். உங்களுக்கு 12.2. பேட்டரிக்கு மூன்று வயது தாண்டினால் 12.4 வையுங்கள். சில கிட்டுகளில் பெட்டியின் மேலே சின்ன சுவிட்சுகளாக இருக்கும். சிலவற்றில் கேமராவின் மெனுவில் இருக்கும். நேரக் கணக்கில் அணைக்கும் வசதி இருந்தால் எட்டு மணி நேரம் என்று அதையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

எந்த வகைப் பதிவு என்பதும் கணக்கை மாற்றும். அதிர்ச்சி வந்தால் மட்டும் விழித்துப் பதிவு செய்யும் முறையில் கேமரா தூங்கிக்கொண்டே இருக்கும். மின்சாரம் மிகக் கொஞ்சம்தான் போகும். ஆனால் விழிக்க ஒன்றிரண்டு நொடி ஆகும். இடித்தவர் அதற்குள் நகர்ந்திருக்கலாம். இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுக்கும் டைம்லாப்ஸ் முறையில் கார்டில் இடம் மிச்சமாகும், பேட்டரி பெரிதாக மிச்சமாகாது. உங்கள் பம்பர் கதையைப் பார்த்தால், இரவில் தெருவில் நிற்கும்போது தொடர்ந்து பதிவு, பகலில் அலுவலகத்தில் அதிர்ச்சிப் பதிவு என்று வைத்துக்கொள்வது சரியாக வரும்.

பகலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கேமரா ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அதை ஓடவும் வைத்தால் உள்ளிருக்கும் சூடும் சேர்ந்து தானாக அணையும், அல்லது சீக்கிரம் கெட்டுப்போகும். கேமராவுக்குள் லித்தியம் பேட்டரி இருக்கும் மாடல் என்றால் அது உப்பிப்போவதை நானே பார்த்திருக்கிறேன். நம் ஊருக்கு, அந்த பேட்டரிக்குப் பதிலாகச் சூப்பர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமிக்கும் பாகம்) உள்ள மாடல்தான். கார்டும் சாதாரணமானது வேண்டாம். இரவும் பகலும் எழுதி அழிப்பதைத் தாங்கும் ஹை எண்டூரன்ஸ் வகை வாங்குங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு கேமரா ஒழுங்காக நடக்கவில்லை என்றால், அது எப்படி நடக்கிறது என்பதிலிருந்தே காரணத்தைப் பிடிக்கலாம். வண்டி ஓடும்போது வேலை செய்து, சாவி எடுத்த நொடியே அணைந்தால் மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கின்றன, அல்லது மஞ்சளும் சாவி லைனிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்தியும் பார்க்கிங் மோடுக்குப் போகாமல் முழுப் பதிவிலேயே நின்றால் சிவப்பு வயர் நிரந்தர லைனில் இருக்கிறது. பூட்டிச் சிறிது நேரம் கழித்து அணைந்தால் தம்பி காரின் கதை. சுத்தமாக உயிரே வரவில்லை என்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அதுதான். பார்க்கிங் மோடே வேண்டாம் என்று பின்னால் தோன்றினால், மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்துச் சாவி லைனில் கொடுத்துவிட்டால் போதும். சாக்கெட்டில் செருகியதுபோலவே நடக்கும், சாக்கெட்டும் மிச்சம்.

நாளை மின்சார வண்டி வாங்கினாலும் இதே முறைதான். அவற்றிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியும் ஃபியூஸ் பெட்டியும் இருக்கின்றன. ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் கண்ணில் பட்டால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அது உயர் வோல்டேஜ்.

வேலை முடிந்த அன்று இரவு கேமராவின் தேதி, நேரத்தைச் சரிசெய்துவிட்டு, எப்போதும் நிறுத்தும் இடத்திலேயே வண்டியைப் பூட்டுங்கள். காலையில் கதவைத் திறக்காமல் முதலில் கண்ணாடி வழியாகக் கேமராவின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு பானட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன், பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.4-க்கு மேல் இருந்தால் நிம்மதியாக விட்டுவிடலாம். 12.2-ஐ ஒட்டி இருந்தால் அந்த வாரம் ஒரு நாள் முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு மறுநாள் காலை மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் குறை கேமராவில் இருக்காது. பேட்டரியைக் கடையில் கொடுத்து லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்துவிடுங்கள்.